இன்ஃபர்மேஷன் தியரி மேற்படிப்பு: பெங்களூருக்கு வருகிறவர்கள் எதை, எப்போது, எப்படிச் செய்வது

இன்ஃபர்மேஷன் தியரியை (தகவலை எவ்வளவு சுருக்கலாம், இரைச்சல் உள்ள வழியில் எவ்வளவு நம்பகமாக அனுப்பலாம் என்று கணக்கிடும் துறை) மேற்படிப்பாக எடுக்க பெங்களூருக்கு வர நினைக்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கும், இங்கேயே வேலையில் இருந்துகொண்டு மறுபடி படிக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும் இந்தக் கட்டுரை. பாடத்தின் அருமை பெருமை இதில் இருக்காது. படிப்பது என்று முடிவெடுத்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். எதை எந்த மாதத்தில் செய்வது, எவ்வளவு செலவாகும், எந்தத் தாள் இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள் என்பதுதான் விஷயம். ஆட்கள் சறுக்குவது பெரும்பாலும் இரண்டே இடங்களில். ஒன்று நிகழ்தகவு, இன்னொன்று சான்றிதழ். அதனால் அந்த இரண்டையும்தான் விரிவாக எழுதியிருக்கிறேன்.

1. எந்தப் படிப்பு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இன்ஃபர்மேஷன் தியரி என்ற பெயரில் தனிப் பட்டம் கிடையாது. இசிஇ துறையில் கம்யூனிகேஷன் பிரிவுக்குள் அது ஒரு பாடம். பெங்களூரில் இதற்கு முதல் முகவரி ஐஐஎஸ்சி (இந்திய அறிவியல் நிறுவனம்). அங்கே சேர மூன்று வழிகள் உண்டு. கோர்ஸ் எம்.டெக் இரண்டு ஆண்டு. பெரும்பாலும் கேட் (பொறியியல் மேற்படிப்புக்கான தேசிய நுழைவுத் தேர்வு) ஸ்கோரை வைத்தே இடம். பாடங்கள் அதிகம், கடைசியில் ப்ராஜெக்ட், அப்புறம் கேம்பஸ் ப்ளேஸ்மென்ட். எம்.டெக் ரிசர்ச், பிஎச்.டி இரண்டுக்கும் இன்டர்வியூ உண்டு. பி.இ. முடித்த கையோடு நேராகப் பிஎச்.டிக்கு விண்ணப்பிக்கலாம். இது தெரியாமலேயே பலர் முதலில் ஒரு எம்.டெக்கை முடித்துவிட்டு வருகிறார்கள்.

மோடம் சிப் செய்யும் கம்பெனியில் வேலைதான் இலக்கு என்றால் கோர்ஸ் எம்.டெக் தாராளமாகப் போதும். ஒரே நிரூபணத்தோடு ஒரு வாரம் மல்லுக்கட்டுவது பிடிக்கும் என்றால் பிஎச்.டி. எது பிடிக்கும் என்றே இன்னும் தெரியவில்லை என்றால் எம்.டெக் ரிசர்ச்தான் பாதுகாப்பானது. பாடம் குறைவு, தீசிஸ் பெரிது, பிடித்துப்போனால் பிஎச்.டிக்கு மாறிக்கொள்ளவும் வழி இருக்கிறது.

மும்பையில் ஐஐடி பாம்பேயின் எலெக்ட்ரிகல் துறையிலும், டிஐஎஃப்ஆரின் (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்) ஸ்கூல் ஆஃப் டெக்னாலஜி அண்ட் கம்ப்யூட்டர் சயின்ஸிலும் இதில் நல்ல வேலை நடக்கிறது. டெல்லியில் ஐஐடியின் எலெக்ட்ரிகல் துறையும், அங்கேயே தொலைத்தொடர்புக்கான பார்தி ஸ்கூலும் உண்டு. டிஐஎஃப்ஆருக்குத் தனித் தேர்வு; டிசம்பரில் நடக்கும். கேட் தேதியை மட்டும் நாட்காட்டியில் குறித்து வைத்திருப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். மூன்று ஊருக்கும் விண்ணப்பம் போடுங்கள். கீழே சொல்லப்போகும் தயாரிப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

2. ஆறு மாதம் முன்பே நிகழ்தகவைக் கையில் எடுங்கள்

என்ட்ரோபியிலிருந்து (ஒரு விஷயம் எவ்வளவு நிச்சயமற்றது என்பதன் அளவு) தொடங்காதீர்கள். என்ட்ரோபியின் ஃபார்முலா ஒரே வரி, பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். அந்தத் தெம்பு மூன்றாவது வாரம் டிபிகல் செட் (நடைமுறையில் எப்போதும் வந்து விழும் வரிசைகளின் தொகுப்பு) வரும்போது காணாமல் போகும். வகுப்பில் திணறுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இன்ஃபர்மேஷன் தியரி கஷ்டமில்லை. கண்டிஷனல் எக்ஸ்பெக்டேஷனை எழுத வராததுதான் கஷ்டம்.

அண்ணா பல்கலைக்கழக இசிஇ பாடத்திட்டத்தில் ரேண்டம் ப்ராசஸ் தாள் இருக்கிறது, நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருப்பீர்கள். ஆனால் அந்தத் தாளை ஃபார்முலாவில் எண்களைப் போட்டே தாண்டிவிடலாம். இங்கே கேட்பது வேறு. கீழே உள்ளவற்றைப் புத்தகம் பார்க்காமல் எழுத முடிகிறதா என்று ஒரு வெள்ளைத்தாளில் சோதித்துப் பாருங்கள்:

மார்க்கோவ், செபிஷேவ் சமனின்மைகள், அவற்றிலிருந்து வீக் லா ஆஃப் லார்ஜ் நம்பர்ஸ் நிரூபணம். ஜென்சன் சமனின்மை, அதில் சமன் எப்போது வரும் என்பது உட்பட. யூனியன் பவுண்ட். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே யூனிஃபார்மாக எடுத்த என் எண்களில் பெரியதன் எக்ஸ்பெக்டேஷன் (விடை: என்-ஐ என்-கூட்டல்-ஒன்றால் வகுத்தது). கோவேரியன்ஸ் பூஜ்யமாக இருந்தும் இண்டிபெண்டன்ட் ஆகாத இரண்டு ரேண்டம் வேரியபிளுக்கு ஓர் உதாரணம். ஸ்டாண்டர்ட் காஸியனையும் அதன் வர்க்கத்தையும் எடுத்தாலே போதும். மார்க்கோவ் செயினில் மூன்று வேரியபிளின் ஜாயின்ட் டிஸ்ட்ரிப்யூஷனை எந்தெந்த விதமாகப் பிரித்து எழுதலாம் என்பது.

இவற்றில் இரண்டு மூன்று வரவில்லை என்றால் வேறு எதையும் தொடாமல் இங்கேயே உட்காருங்கள். லீனியர் அல்ஜீப்ராவுக்கும் இதே சோதனைதான். ரியல் சிமெட்ரிக் மேட்ரிக்ஸின் ஐகன் மதிப்புகள் ஏன் ரியல், கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸ் ஏன் பாசிட்டிவ் செமிடெஃபினிட், ரேங்க்-நல்லிட்டி தேற்றம் என்ன சொல்கிறது. ரியல் அனாலிசிஸில் எப்சிலான்-டெல்டா அளவுக்கு லிமிட் எழுத வந்தால் போதும். மெஷர் தியரி முதல் நாளே வேண்டியதில்லை. அதைப் படித்து முடிக்காமல் வரக்கூடாது என்று பயமுறுத்துகிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

செலவு ஏறக்குறைய இல்லை. என்பிடெல்லில் (ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் இணையப் பாடத் தளம்) ஐஐஎஸ்சி பேராசிரியர் ஹிமான்ஷு தியாகியின் இன்ஃபர்மேஷன் தியரி பாடம் இருக்கிறது. கோடிங் (அனுப்பும்போது வரும் பிழைகளைத் திருத்தும் குறியீடுகள்) பக்கம் போக நினைத்தால் ஐஐடி மெட்ராஸின் ஆண்ட்ரூ தங்கராஜ் நடத்திய எல்டிபிசி, போலார் கோட் பாடம் உண்டு. வீடியோ பார்க்கப் பணம் வேண்டாம். சான்றிதழ்த் தேர்வு எழுதினால்தான் பாடத்துக்கு 1,000 ரூபாய். அந்தச் சான்றிதழை அட்மிஷனில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அசைன்மென்ட்களை ஒழுங்காகப் போட்டால் அதுவே லாபம்.

3. கேட்: எந்தத் தாள், என்ன கவனிக்க வேண்டும்

ஆகஸ்ட் கடைசியில் விண்ணப்பம் திறக்கும், பிப்ரவரி முதல் பாதியில் தேர்வு, மார்ச்சில் முடிவு. 2026 தேர்வுக்கு ஒரு தாளுக்கு 2,000 ரூபாய். பெண்கள், எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 1,000. கடைசித் தேதி தாண்டினால் 500 கூடுதல். ஸ்கோர் மூன்று ஆண்டு செல்லும்.

இசிஇ படித்தவர்களுக்கு இசி தாள். கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்கள் சிஎஸ் எழுதலாம். 2024-இல் வந்த டேட்டா சயின்ஸ் தாளில் நிகழ்தகவும் லீனியர் அல்ஜீப்ராவும் நிறைய வருவதால், இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு உழைப்பு இரட்டிப்பாகாது. ஆனால் நீங்கள் போக நினைக்கும் துறை எந்தத் தாளை ஏற்கிறது என்பதை அந்தத் துறையின் பட்டியலில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். அனுமதிக்கப்பட்ட ஜோடிகளில் இரண்டு தாள் எழுதலாம். கட்டணமும் இரண்டு மடங்கு.

இசி தாளில் என்ட்ரோபி, மியூச்சுவல் இன்ஃபர்மேஷன் (ஒன்று தெரிந்தால் இன்னொன்றைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பது), சேனல் கெப்பாசிட்டி (ஒரு வழியில் நம்பகமாக அனுப்பக்கூடிய உச்ச வேகம்) மூன்றும் சிலபஸிலேயே இருக்கின்றன. அதை நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள். கணிதமும் ஜெனரல் ஆப்டிட்யூடும் சேர்ந்து 100-க்கு 28 மார்க் வரை வரும். அதுதான் ஸ்கோரைத் தூக்கும். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் எம்சிக்யூவுக்கு மட்டும் நெகட்டிவ் மார்க். விடையை எண்ணாக டைப் செய்யும் கேள்விகளுக்கு இல்லை, ஆகையால் அவற்றை ஒன்றுகூட வெறுமனே விடாதீர்கள். சொந்தக் கால்குலேட்டர் கொண்டுபோக முடியாது. திரையில் இருக்கும் கால்குலேட்டரில் மவுஸை வைத்து 2 அடிமான லாக் போட முன்பே பழகிக்கொள்ளுங்கள். பழகாதவர்களுக்கு ஒரு என்ட்ரோபி கணக்கே மூன்று நிமிடத்தை விழுங்கும்.

ஸ்கோர்கார்டை மே முடிவதற்குள் இறக்கி வைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு பணம் கேட்பார்கள்.

4. சான்றிதழ்கள்: செப்டம்பரிலேயே தொடங்குங்கள்

உங்கள் வீட்டில் இருக்கும் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் தமிழ்நாட்டு அரசுக்கானது. மத்திய நிறுவனங்களில் அதைக் காட்டினால் ஜெனரலில் போட்டுவிடுவார்கள், அல்லது சேரும் நாளில் நிறுத்தி வைப்பார்கள். வேண்டியது மத்திய அரசுப் படிவத்தில் உள்ள ஓபிசி நான்-க்ரீமி லேயர் சான்றிதழ்.

முதலில் உங்கள் சாதி தமிழ்நாட்டுக்கான மத்திய ஓபிசி பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இல்லை. இருந்தால், அங்கே எழுத்துக்கூட்டு எப்படி இருக்கிறதோ அதே போல உங்கள் சான்றிதழிலும் வரவேண்டும்.

விண்ணப்பம் இ-சேவை மையத்தில், கட்டணம் 60 ரூபாய். இ-சேவைக்கான சிஏஎன் (குடிமக்கள் அடையாள எண்) இல்லாதவர்களுக்கு அங்கேயே எடுத்துத் தருவார்கள். உங்கள் சாதிச் சான்றிதழ், பெற்றோரில் ஒருவருடையது, வருமானச் சான்றிதழ், ஆதார், ஸ்மார்ட் கார்டு, டிசி நகல் எல்லாவற்றையும் ஒரே கவரில் கொண்டுபோங்கள். விஏஓ, ஆர்ஐ, அங்கிருந்து தாலுகா அலுவலகம் என்று கோப்பு நகரும். விஏஓவிடம் போய்விட்டது என்று எஸ்எம்எஸ் வந்ததும் நேரில் ஒரு தடவை போய்ப் பாருங்கள், பாதி வேலை அங்கேதான் தங்குகிறது. இரண்டு மூன்று வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேர்தல் நேரம் என்றால் இன்னும் இழுக்கும்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும். க்ரீமி லேயருக்கான 8 லட்ச ரூபாய் வருமான வரம்பில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது; அரசு வேலையில் இருப்பவர்களுக்கு அவர்கள் என்ன நிலைப் பதவியில் சேர்ந்தார்கள் என்பதுதான் கணக்கு. அப்பாவின் சம்பளச் சீட்டைப் பார்த்ததுமே தராது என்று சொல்லிவிடுகிற அலுவலர்கள் உண்டு. மத்திய அரசின் 1993-ஆம் ஆண்டு ஆணையின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு பணிவாகப் பேசுங்கள். சண்டை போட்டால் கோப்பு இன்னும் அடியில் போகும்.

சான்றிதழின் தேதியும் முக்கியம். நான்-க்ரீமி லேயர் நிதியாண்டோடு பழசாகிவிடும். பிப்ரவரியில் விண்ணப்பிக்கும்போது ஒன்று இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் சேரும்போது ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய புதியது கேட்பார்கள் என்று எதிர்பார்த்து, ஏப்ரல் முதல் வாரமே மறுபடி விண்ணப்பித்துவிடுங்கள். பொருளாதாரத்தில் பின்தங்கியோருக்கான இடபிள்யூஎஸ் சான்றிதழுக்கும் இதே நிதியாண்டு விதிதான்.

பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் நாட கச்சேரிக்கு (சான்றிதழ் தரும் கர்நாடக வருவாய்த் துறை அலுவலகம்) போகும்போது, அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ தமிழ்நாட்டில் கொடுத்த பழைய சாதிச் சான்றிதழை மறக்காமல் எடுத்துப்போக வேண்டும். குடிபெயர்ந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்த ஆதாரத்தை வைத்துத்தான் எழுதுவார்கள். ஊரில் பீரோவுக்குள் கிடக்கும் அந்தத் தாளைத் தேடவே ஒரு பொங்கல் லீவு ஆகிவிடும்.

அடுத்தது பெயர். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் "கார்த்திக் எஸ்", ஆதாரில் "கார்த்திக் செந்தில்குமார்", டிகிரியில் "எஸ். கார்த்திக்" என்று மூன்று ஆளாக இருப்பது நம் ஊர் வழக்கம். மற்ற மாநிலத்து அலுவலர்களுக்கு இனிஷியல் என்ற ஏற்பாடே புரியாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதை அடிப்படையாக வைத்து ஆதாரை அதற்கேற்பத் திருத்துங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், அதனால் யோசித்துச் செய்யுங்கள். கேட் விண்ணப்பத்தில், தேர்வு நாளன்று காட்டப்போகும் அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரை அடியுங்கள். படிவம் சர்நேம் கேட்டால் இனிஷியலை விரித்து எழுதும் ஆசை வரும். அட்டையில் விரித்திருந்தால் மட்டும் விரியுங்கள்.

மற்றவை சுருக்கமாக: எல்லா செமஸ்டர் மார்க்‌ஷீட், புரொவிஷனல், டிசி, கான்டக்ட், மைக்ரேஷன். கடைசி செமஸ்டர் முடிவு தாமதமானால், தேர்வு எல்லாம் எழுதி முடித்தாயிற்று என்று கல்லூரி முதல்வரிடம் கடிதம் வாங்கி வையுங்கள். சேரும் இடத்தில் டிசியைக் கொடுக்கும் முன் எல்லாப் பக்கத்தையும் கலரில் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். ஒரிஜினல் கையை விட்டுப் போனால் திரும்ப எடுப்பது பெரும்பாடு.

5. விண்ணப்பமும் இன்டர்வியூவும்

கேட் முடிவு வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பதுதான் இந்தக் கட்டத்தில் நடக்கும் பெரிய தவறு. ஐஐஎஸ்சியின் விண்ணப்பம் பிப்ரவரியில் திறந்து மார்ச்சில் மூடிவிடும். ரிசல்ட் வருவதற்குள் கதவு சாத்தியிருக்கலாம். கேட் எழுதிய வாரமே ரிஜிஸ்ட்ரேஷன் எண்ணை வைத்து விண்ணப்பித்துவிடுங்கள். பிஎச்.டிக்கு கேட் இல்லாமல் சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் ஜேஆர்எஃப் இருந்தாலும் செல்லும்.

கம்யூனிகேஷன் பக்கம் இன்டர்வியூவில் கேள்விகள் பெரும்பாலும் நிகழ்தகவிலும் லீனியர் அல்ஜீப்ராவிலும்தான் சுற்றும். இரண்டாவது படியில் சொன்ன கேள்விகளைப் போன்றவைதான். போர்டில் எழுதிக் காட்டச் சொல்வார்கள். விடையை நேராகச் சொல்ல வராவிட்டாலும், இரண்டு வேரியபிளுக்கு முதலில் செய்து பார்க்கிறேன் என்று சின்ன உதாரணத்தில் தொடங்குகிறவர்களை அவர்களுக்குப் பிடிக்கும். குறிப்புக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். குறிப்பு கொடுத்தாலே தோற்றுவிட்டோம் என்று சுருங்கிப்போகிறவர்கள்தான் தோற்கிறார்கள்.

பிடித்த பாடம் எது என்று கேட்டால் "இன்ஃபர்மேஷன் தியரி" என்று சொல்ல நாக்கு துடிக்கும். சேனல் கோடிங் தேற்றத்தின் இரண்டு பக்கத்தையும் (கெப்பாசிட்டி வரை அனுப்ப முடியும், அதற்கு மேல் முடியாது) போர்டில் நிரூபிக்க முடியும் என்றால் மட்டும் சொல்லுங்கள். இல்லையென்றால் நிகழ்தகவு என்று சொல்வது புத்திசாலித்தனம்.

நேரில் வரச் சொன்னால்: ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது, இன்டர்வியூ கடிதம் அவ்வளவு முன்னால் வராது. தத்காலோ பஸ்ஸோதான். சேலம், கோவை பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் ஓசூர் ரோடு வழியாக நுழைவீர்கள். ஐஐஎஸ்சி ஊரின் வடமேற்கில் இருக்கிறது. காலை நேரத்தில் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மாட்டினால் பத்து மணி இன்டர்வியூவை மறந்துவிட வேண்டியதுதான். பொம்மசந்திராவிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ இறங்கி, 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் மெட்ரோவில் ஆர்.வி. ரோடு வந்து, பச்சை லைனுக்கு மாறி யஷ்வந்த்பூரில் இறங்குங்கள். அங்கிருந்து ஆட்டோ. "டாடா இன்ஸ்டிட்யூட்" என்றால் எல்லா ஆட்டோக்காரருக்கும் தெரியும். ஐஐஎஸ்சி என்றால் சிலருக்குத் தெரியாது.

6. சிஓஏபியில் பட்டன் அழுத்துவது

கோர்ஸ் எம்.டெக் ஆஃபர்கள் சிஓஏபி என்ற பொதுத் தளத்தின் வழியாக வரும். விண்ணப்பத்தை அந்தந்த நிறுவனத்துக்குத் தனித்தனியாகப் போட வேண்டும்; சிஓஏபியில் பதிவு செய்துவிட்டால் எல்லா ஐஐடிக்கும் விண்ணப்பித்ததாக ஆகாது. வருடம் தவறாமல் யாராவது இதில் ஏமாறுகிறார்கள்.

ஒவ்வொரு சுற்றிலும் மூன்று தெரிவுகள்: அக்செப்ட் அண்ட் ஃப்ரீஸ், ரீடெய்ன் அண்ட் வெயிட், ரிஜெக்ட் அண்ட் வெயிட். முதலாவதை அழுத்தினால் ஆட்டம் முடிந்தது, வேறு ஆஃபர் வராது. கையில் இருப்பதை வைத்துக்கொண்டு மேலே பார்க்க வேண்டுமென்றால் இரண்டாவது. எதையும் அழுத்தாமல் விட்டால் ஆஃபர் போய்விடும். ஒரு சுற்று சில நாள்தான் திறந்திருக்கும், ஆகவே மே, ஜூனில் நெட்வொர்க் இல்லாத ஊருக்குக் கல்யாணத்துக்குப் போவதாக இருந்தால் வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டுப் போங்கள். என்ஐடிகளுக்கு இது இல்லை. சிசிஎம்டி என்ற தனிக் கவுன்சலிங்.

7. பணம், தங்குமிடம்

கேட் வழி எம்.டெக்குக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. பிஎச்.டிக்கு 2023 ஜனவரி முதல் முதல் இரண்டு ஆண்டு 37,000, பிறகு 42,000. பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தவர்களுக்குத் தொடக்கமே 70,000.

12,400-ஐ வைத்துக்கொண்டு பெங்களூரில் வெளியே தங்குவது முடியாத காரியம். விடுதி கிடைத்தால் மெஸ்ஸுக்கும் கைச்செலவுக்கும் சரியாக இருக்கும். முதல் உதவித்தொகை வங்கிக் கணக்கு, பதிவு எல்லாம் முடிந்து வர இரண்டு மாதம்கூட ஆகலாம். சேரும் நாளன்று கட்டணம், விடுதி முன்பணம், மெஸ் முன்பணம் எல்லாம் ஒரே தடவையில் கேட்பார்கள். அது போக இரண்டு மூன்று மாதச் செலவுக்குத் தனியாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே தங்குவதாக இருந்தால் மத்திகெரே, யஷ்வந்த்பூர் பக்கம். மல்லேஸ்வரம் நன்றாக இருக்கும், வாடகையும் அதற்கேற்ப இருக்கும். தனி வீடு என்றால் வாடகையைப் போல ஐந்து, சில இடத்தில் பத்து மடங்கு அட்வான்ஸ் கேட்கும் ஊர் இது. முதல் வருடம் பிஜியில் தள்ளிவிடுங்கள். தமிழ் பேசுகிற அக்கம்பக்கம் வேண்டும் என்று அல்சூரில் வீடு பார்க்கிறவர்கள் உண்டு. தினமும் நகரைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போய்வருவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

8. வேலையில் இருப்பவர்களுக்கு

ஐஐஎஸ்சியில் எக்ஸ்டர்னல் ரெஜிஸ்ட்ரேஷன் (வேலையை விடாமல் பதிவு செய்யும் முறை) வழியாகப் பிஎச்.டி செய்யலாம். பாட வகுப்புகளை வளாகத்தில் வந்துதான் முடிக்க வேண்டும், உதவித்தொகை கிடையாது. நாளை இழுக்கும் விஷயம் கம்பெனியின் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்). உங்கள் மேனேஜர் ஒரே நாளில் சரி சொல்லிவிடுவார். சட்டப் பிரிவு, உங்கள் ஆராய்ச்சிக்கு யார் உரிமையாளர் என்ற கேள்வியில் மாதக்கணக்கில் உட்கார்ந்துவிடும். விண்ணப்பம் திறக்க நான்கைந்து மாதம் இருக்கும்போதே கடிதத்தைக் கேட்டுவிடுங்கள்.

9. முதல் பருவம்: எங்கே தடுக்கும்

வகுப்புகள் ஆகஸ்டில் தொடங்கும். ஐஐஎஸ்சியில் இன்ஃபர்மேஷன் தியரியின் பாட எண் இ2 201, ரேண்டம் ப்ராசஸ் இ2 202, எரர் கரெக்டிங் கோட்ஸ் இ2 205. இ2 202-ஐ முன்னதாகவோ கூடவோ எடுங்கள். இரண்டையும் விட்டுவிட்டு நேராக அட்வான்ஸ்டு பாடத்தில் போய் உட்காராதீர்கள்.

பாடப்புத்தகம் பெரும்பாலும் கவர், தாமஸ் இருவரும் எழுதியது. 2006-இல் வந்த இரண்டாம் பதிப்பை வாங்குங்கள். 1991 பதிப்பு பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அத்தியாய வரிசை வேறு: சேனல் கெப்பாசிட்டி பழையதில் 8-ஆம் அத்தியாயம், புதியதில் 7. ஹோம்வொர்க்கில் "7.3" என்று கொடுத்தால் வேறு கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். உள்ளுணர்வுக்கு டேவிட் மெக்கேயின் புத்தகம் நல்லது. மறைந்த அந்த ஆசிரியரே அதை இணையத்தில் இலவசமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

எல்லா ஆண்டும் எல்லோரும் தடுக்கி விழும் இடங்கள் இவை.

டிபிகல் செட். தலை விழும் வாய்ப்பு 0.9 உள்ள நாணயத்தை 100 முறை சுண்டுகிறீர்கள். இருப்பதிலேயே வாய்ப்பு அதிகமான வரிசை நூறும் தலை. ஆனால் அது டிபிகல் செட்டில் இல்லை. அந்த வரிசைக்கு, சுண்டலுக்கு இவ்வளவு என்று மைனஸ் லாக் எடுத்தால் 0.152 பிட் வரும்; என்ட்ரோபியோ 0.469. டிபிகல் வரிசைகளில் ஏறத்தாழ 90 தலை இருக்கும், அப்படிப்பட்டவை சுமார் 2-இன் 47-ஆம் அடுக்கு. மொத்த வரிசைகளோ 2-இன் 100-ஆம் அடுக்கு. இந்தக் கணக்கை ஒரு தடவை கையால் போட்டவர்களுக்குத் தேற்றம் தானாக நினைவில் நிற்கும்.

கண்டிஷனிங். என்ட்ரோபி கண்டிஷன் செய்தால் குறையும் என்று படித்ததும், மியூச்சுவல் இன்ஃபர்மேஷனும் குறையும் என்று மனம் எழுதிக்கொள்ளும். தப்பு. இரண்டு இண்டிபெண்டன்ட் சம வாய்ப்பு பிட்களை எடுத்து, மூன்றாவதை அவற்றின் எக்ஸ்ஆராக வையுங்கள். முதல் இரண்டுக்கும் இடையே மியூச்சுவல் இன்ஃபர்மேஷன் பூஜ்யம். மூன்றாவதைத் தெரிந்துகொண்டால் 1 பிட். டேட்டா ப்ராசசிங் சமனின்மையை (மேலும் பதப்படுத்துவதால் தகவல் கூடாது என்பது) பயன்படுத்தும் முன் மார்க்கோவ் செயின் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

டிஃபரன்ஷியல் என்ட்ரோபி (தொடர்ச்சியான வேரியபிளுக்கான என்ட்ரோபி). பூஜ்யத்திலிருந்து கால் வரை யூனிஃபார்ம் என்றால் விடை மைனஸ் 2 பிட். மைனஸ் வந்ததும் எங்கோ பிழை என்று அழித்து அழித்துப் போடுகிறவர்கள் உண்டு. பிழை இல்லை. அளவுகோலை மாற்றினாலே அது மாறும், அது ஒரு தகவல் அளவே இல்லை. இரண்டின் வித்தியாசம்தான் பொருள் உள்ளது.

ஃபேனோ சமனின்மை. இது பிழை வாய்ப்புக்குக் கீழ் எல்லை தருவது, கெப்பாசிட்டிக்கு மேல் முடியாது என்று காட்டும் கான்வெர்ஸ் பக்கத்துக்கு. அதுவரை முடியும் என்று காட்டும் அச்சீவபிலிட்டி நிரூபணத்தில் இதைக் கொண்டுவந்து நுழைத்தால் அங்கேயே மார்க் போகும். அச்சீவபிலிட்டியில் ரேண்டம் கோட்புக்குகளின் சராசரிப் பிழை சிறியது என்பதிலிருந்து, ஒரு நல்ல கோட்புக் இருக்கிறது என்பதற்கும், அதிலிருந்து எல்லாச் செய்திக்கும் பிழை சிறியது என்பதற்கும் தனித்தனியாகப் படி எழுத வேண்டும். கடைசிப் படியில் மோசமான பாதிக் கோட்வேர்ட்களை வீசுகிறோம். அதனால் ரேட்டில் குறைவது என்-இல் ஒரு பங்கு பிட்தான் என்ற வரியைப் பாதிப்பேர் விட்டுவிடுவார்கள்.

ப்ரோக்ராம் ஒன்று எழுதிவிடுங்கள். 1972-இல் ப்ளாஹட்டும் அரிமோட்டோவும் தனித்தனியாகக் கொடுத்த, சேனல் கெப்பாசிட்டியைக் கணக்கிடும் அல்காரிதத்தைப் பைதானில் போட முப்பது நாற்பது வரி ஆகும். க்ராஸ்ஓவர் (பிட் புரளும் வாய்ப்பு) 0.11 உள்ள பைனரி சிமெட்ரிக் சேனலைக் கொடுத்தால் 0.5 வரவேண்டும். 0.347 வந்தால் லாக்கை இயல்பு அடிமானத்தில் எடுத்திருக்கிறீர்கள், விடை நேட்டில் இருக்கிறது. விடையே வராமல் எண் இல்லை (NaN) என்ற பிழை வந்தால் பூஜ்யத்துக்கு லாக் எடுத்திருக்கிறீர்கள். பூஜ்யம் பெருக்கல் லாக் பூஜ்யத்தைப் பூஜ்யம் என்று தனியாகச் சொல்லித்தர வேண்டும். அடுத்து, இரண்டு சிம்பலில் ஒன்று மட்டும் பிழைக்கு உள்ளாகும், அந்தப் பிழை வாய்ப்பு பாதி உள்ள இசட் சேனல்: 0.322 பிட், பிழைக்கு உள்ளாகும் சிம்பலை 0.4 வாய்ப்போடு அனுப்ப வேண்டும். இரண்டும் சரியாக வந்தால் கோட் சரி.

மெஷின் லேர்னிங் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. டேட்டாவைக் கட்டம் கட்டமாகப் பிரித்து மியூச்சுவல் இன்ஃபர்மேஷன் கணக்கிட்டால், சம்பந்தமே இல்லாத இரண்டு வேரியபிளுக்கும் பூஜ்யம் வராது. பத்துக்குப் பத்து கட்டம், 1,000 மாதிரி என்றால் சுமார் 0.06 பிட் சும்மாவே வரும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு தொடர்பு கண்டுபிடித்துவிட்டதாக கைடிடம் போய் நிற்காதீர்கள். ஒரு வேரியபிளின் வரிசையைக் கலைத்துவிட்டு மறுபடி கணக்கிட்டுப் பாருங்கள்.

10. அதற்குப் பிறகு

கைடைத் தேர்ந்தெடுக்கும் முன் அவருடைய சமீபத்திய மூன்று கட்டுரைகளின் அறிமுகப் பகுதியையாவது படியுங்கள். ஆர்க்கைவ் தளத்தின் சிஎஸ்.ஐடி பிரிவில் எல்லாம் இலவசம். அவருடைய மாணவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை தடவை சந்திப்பார்? நெட்வொர்க் இன்ஃபர்மேஷன் தியரியா, கோடிங்கா, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பக்கமா என்ற முடிவு அவசரமில்லை. முதல் வருடப் பாடங்கள் முடியட்டும்.

இந்தியாவில் ஜேடிஜியும் (ஜாயின்ட் டெலிமேடிக்ஸ் குரூப்) ஐஇஇஇ இன்ஃபர்மேஷன் தியரி சொசைட்டியும் சேர்ந்து நடத்தும் கோடைப் பள்ளி வெவ்வேறு நிறுவனங்களில் நடக்கும். சேருவதற்கு முன்பேகூட விண்ணப்பிக்கலாமா என்று அறிவிப்பில் பாருங்கள். இரட்டைப்படை ஆண்டு ஜூலையில் எஸ்பிகாம் (சிக்னல் ப்ராசசிங், கம்யூனிகேஷன்) மாநாடு ஐஐஎஸ்சி வளாகத்திலேயே நடக்கிறது, ரயில் செலவு இல்லை. ஐசிட் என்ற சர்வதேச இன்ஃபர்மேஷன் தியரி மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பும் கெடு ஜனவரியில் வரும், ஐந்து பக்கம். பொங்கலுக்கு ஊருக்கு டிக்கெட் எடுக்கும்போது அந்தத் தேதியையும் பார்த்துக்கொண்டு எடுங்கள்.